ஓசையின்றி இயங்கும் வீட்டுத் திரைக் கணிப்பொறி: உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

இரவு உணவு முடிந்து வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். சுவரில் மாட்டிய அகன்ற திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கின்றது. கதையில் ஒரு தாய் தன் மகனிடம் மெல்லிய குரலில் ஏதோ கூறுகின்றாள். அவள் கூறியது யாதென்று பாட்டியாருக்கு விளங்கவில்லை. ஒலியைக் கூட்டுகின்றனர். அடுத்த காட்சியில் இடி இடிக்கின்றது; அறையில் உறங்கிய குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுகின்றது.

இதில் குற்றம் படத்தினுடையதுமன்று, பாட்டியாரின் செவியினுடையது மட்டுமன்று. திரைக்குக் கீழே இரைந்துகொண்டிருக்கும் கணிப்பொறிக்கும் இதிற் பங்குண்டு. பேச்சின் பொருளைப் பெரிதும் தாங்கி நிற்பவை மெய்யெழுத்துகள். அவற்றின் ஓசை உயிரெழுத்துகளின் ஓசையைக் காட்டிலும் மிகவும் வலிமை குன்றியது. விசிறியின் இரைச்சல் அறையிற் பரவும்போது முதலில் மறைந்துபோவன அந்த நுண்ணிய ஓசைகளேயாகும். முதுமையிற் செவிப்புலன் குறையும்பொழுதும் உயர்ந்த சுருதியுள்ள இவ்வோசைகளே முதலிற் கேளாது போகின்றன. ஆதலின் இளைஞருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றும் இரைச்சல், முதியவருக்குக் கதையையே மறைத்துவிடுகின்றது.

திரைக் கணிப்பொறி என்பது, தொலைக்காட்சிப் பெட்டியுடனோ படவீழ்த்தியுடனோ இணைத்து, சேமித்து வைத்த திரைப்படங்கள், இசை, பாடப் பதிவுகள் முதலியவற்றைக் காண்பதற்கென அமைத்த கணிப்பொறியாகும். இணையத்தின் வழியாக வரும் படங்களை மட்டும் காண விரும்புவோருக்கு இது தேவையன்று; விசிறியே இல்லாத சிறு இணைப்புக் கருவியொன்று குறைந்த விலையில் அப்பணியைச் செய்துவிடும். பலவகைப் பதிவுகளைத் தாமே திரட்டி வைத்திருப்போருக்கும், படங்காட்டும் கருவியையே எழுத்துப் பணிக்கும் பாடத் தயாரிப்புக்கும் பயன்படுத்த விழைவோருக்கும் கணிப்பொறி ஏற்றது. அத்தகையோர் ஓசையற்ற இயந்திரத்தை எவ்வாறு அமைப்பது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஓசையை அளத்தல்

ஓசையை டெஸிபெல் என்னும் அலகால் அளக்கின்றோம். நல்ல செவியுள்ளவர் 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் அரிதிற் கேட்கக்கூடிய ஓசை 0 டெஸிபெல் எனக் கொள்ளப்படுகின்றது. இரவில் அமைதியான படுக்கையறையில் ஏறத்தாழ 30 டெஸிபெலும், சாதாரண உரையாடலில் ஏறத்தாழ 60 டெஸிபெலும் காணப்படும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளின் சுற்றுப்புற ஓசைக்குப் பகலில் 55 என்றும் இரவில் 45 என்றும் வரம்பு விதித்துள்ளன.

இந்த அலகின் இயல்பை நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். 10 டெஸிபெல் கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. எனினும் நம் செவிக்கு அது ஏறக்குறைய இருமடங்காகவே தோன்றுகின்றது. இரண்டு சமமான ஓசைகள் சேர்ந்தால் 3 டெஸிபெல் கூடுகின்றது. அதாவது, தனித்தனியே 25 டெஸிபெல் எழுப்பும் இரண்டு விசிறிகள் சேர்ந்து 28 டெஸிபெலும், நான்கு விசிறிகள் சேர்ந்து 31 டெஸிபெலும் எழுப்பும். 50 அன்று, 100 அன்று.

இதற்கு மறுதலையான உண்மை நமக்கு இன்னும் பயனுடையது. ஓர் உறுப்பு 40 டெஸிபெலும் மற்றோர் உறுப்பு 30 டெஸிபெலும் எழுப்பினால், கூட்டு ஓசை 40.4 டெஸிபெல் மட்டுமே. 30 டெஸிபெல் உறுப்பை அறவே நீக்கினாலும் செவிக்கு வேறுபாடு தோன்றாது. ஆகையால் மிகுந்த இரைச்சலை எழுப்பும் உறுப்பை முதலிற் கண்டுபிடித்து அதனைத் திருத்த வேண்டும். பிறகு அடுத்ததை நோக்க வேண்டும். இவ்வரிசையை மறந்து, விலையுயர்ந்த விசிறியை வாங்கிப் பொருத்திவிட்டுப் பயன் காணாது வருந்துவோர் பலர்.

இரைச்சலின் பிறப்பிடம் வெப்பமே

கணிப்பொறியில் ஓசை எழுப்புவன மூன்று: விசிறிகள், சுழலும் வன்தட்டு, மின்கம்பிச் சுருள்களின் அதிர்வு. இவற்றுள் தலையாயது விசிறி. விசிறி எதற்காகச் சுழல்கின்றது? வெப்பத்தைப் போக்குவதற்காக. வெப்பம் எங்கிருந்து வருகின்றது? கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. 60 வாட் மின்சாரம் கொள்ளும் கணிப்பொறி, பழைய 60 வாட் குண்டு விளக்கைப் போலவே அறையைச் சூடாக்கும்.

இந்த வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கனமீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1200 ஜூல் வெப்பம் வேண்டும். பெட்டியினுட் புகும் காற்று 10 டிகிரி சூடேறி வெளிவரலாம் என்று வைத்துக்கொண்டால், 60 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்ல விநாடிக்கு 5 லிட்டர் காற்று போதும். மெதுவாகச் சுழலும் ஒரே விசிறி இதனை எளிதிற் செய்யும். 240 வாட் கொள்ளும் இயந்திரத்திற்கோ விநாடிக்கு 20 லிட்டர் வேண்டும்.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் விசிறியின் விதியை இங்கே கருத வேண்டும். ஒரு விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் அது தள்ளும் காற்று இருமடங்காகின்றது. அது கொள்ளும் ஆற்றல் எட்டு மடங்காகின்றது. அதன் ஓசையோ ஏறத்தாழ 15 டெஸிபெல் உயர்கின்றது. ஆகவே, அதே விசிறியைக் கொண்டு நான்கு மடங்கு காற்றைத் தள்ள முயன்றால் ஓசை 30 டெஸிபெல் கூடும். படுக்கையறை அமைதிக்கும் உரையாடலுக்கும் உள்ள இடைவெளி அது.

எனவே, ஓசையற்ற கணிப்பொறியை அமைக்க விரும்புவோர் ஓசையை அடைக்கும் வழியைத் தேடுவதற்கு முன்னர், வெப்பத்தைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும். குறைந்த வெப்பம் தரும் உறுப்புகளை முதலில் தேர்ந்தெடுத்தல், எஞ்சிய வெப்பத்தைப் பெரிய விசிறியால் மெதுவாகப் போக்குதல், இறுதியில் அதிர்வைத் தடுத்தல் என்னும் மூன்று படிகளே இக்கலையின் சாரம்.

படங்காட்டும் பணியும் செயலியும்

பிராஸஸர் எனப்படும் செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அது செய்ய வேண்டிய பணியைக் கருதுவோம். இன்றைய உயர்தரத் திரையில் அகலத்தில் 3840 புள்ளிகளும் உயரத்தில் 2160 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 82,94,400 புள்ளிகள். திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக ஓடுகின்றது. அதாவது விநாடிதோறும் ஏறக்குறைய 20 கோடிப் புள்ளிகளுக்கு வண்ணம் கூற வேண்டும். இவ்வளவு செய்தியை அப்படியே சேமிக்க இயலாது. ஆதலின் அடுத்தடுத்த படங்களில் மாறாதவற்றை விடுத்து, மாறுவனவற்றை மட்டும் குறித்துச் சுருக்கி வைக்கின்றனர். சுருக்கியதை மீண்டும் விரிப்பதே திரைக் கணிப்பொறியின் முதன்மையான பணி.

சுருக்கும் முறைகள் பல. 2003ஆம் ஆண்டில் எச்.264 என்னும் முறையும், 2013இல் எச்.265, விபி9 என்னும் முறைகளும், 2018இல் ஏவி1 என்னும் முறையும் வெளிவந்தன. புதிய முறைகள் குறைந்த இடத்தில் நிறைந்த தரத்தைத் தருகின்றன. ஆனால் விரிக்கும் உழைப்பு மிகுதி. இவ்வுழைப்பை இருவகையிற் செய்யலாம். செயலியின் பொதுவான கணக்கிடும் பகுதிகளைக் கொண்டு செய்தால் அவை முழு மூச்சுடன் உழைத்துச் சூடேறும், விசிறி அலறும். இதற்கெனவே செயலியில் அமைந்துள்ள தனிச் சுற்றைக் கொண்டு செய்தால் மிகச் சில வாட்டுகளில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே திரைக் கணிப்பொறிக்குச் செயலி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இது எத்துணை வேகமுள்ளது?' என்பதன்று, 'நான் காணும் படங்களின் சுருக்க முறைகளை விரிக்கும் தனிச் சுற்று இதில் உண்டா?' என்பதே. புதிய கருவி என்பதனாலேயே எல்லாம் இருக்கும் என்று எண்ணலாகாது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை 5 என்னும் சிறு கணிப்பொறியில் எச்.265 முறைக்குத் தனிச் சுற்று உண்டு. ஆனால் அதனினும் பழைய எச்.264 முறைக்கு இல்லை. அப்பணியை அதன் பொதுப் பகுதிகளே செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட என்100 என்னும் செயலியைக் கொள்ளலாம். இதில் நான்கு கணக்கிடும் பகுதிகள் உள்ளன. உற்பத்தியாளர் இதற்குக் குறித்துள்ள வெப்ப அளவு 6 வாட். மேற்கூறிய நான்கு சுருக்க முறைகளையும் விரிக்கும் சுற்று இதில் உண்டு. படங்காட்டும் பணிக்கு இது தாராளமாகப் போதும்.

வேறு பணிகளுக்கும் கணிப்பொறி வேண்டுவோர், மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் 35 வாட் வகையைத் தேடலாம். இன்டெல் நிறுவனத்தார் இவ்வகையின் பெயரின் ஈற்றில் 'டி' என்னும் எழுத்தைச் சேர்க்கின்றனர். அடுத்தது 65 வாட் வகை; அதற்கும் மேல் 125 வாட் வகை. இவ்வெண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த கோர் ஐ9-12900கே என்னும் செயலியின் அடிப்படை அளவு 125 வாட். அதன் உச்ச அளவோ 241 வாட். நல்ல வேளையாக, பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்பில், செயலி கொள்ளத்தக்க மின்சாரத்திற்கு நாமே வரம்பு விதிக்கப் பெரும்பாலான தாய்ப்பலகைகள் இடந்தருகின்றன. ஒரு பைசா செலவின்றி ஓசையைக் குறைக்கும் வழி இது.

தனியான கிராபிக்ஸ் அட்டை படம் பார்க்கத் தேவையில்லை. செயலியிலேயே அமைந்த படச் சுற்று போதும். விளையாட்டுகளுக்காக அட்டை வேண்டியிருப்பின், பளு குறைந்த நேரத்தில் விசிறியை நிறுத்திக்கொள்ளும் வகையை வாங்குக. தாய்ப்பலகையின் எச்.டி.எம்.ஐ. இணைப்பு 2.0 அல்லது அதற்குப் பிந்திய வகையாக இருக்கட்டும். 2009இல் வந்த 1.4 வகை, மேற்கூறிய உயர்தரத் திரைக்கு விநாடிக்கு 30 படங்கள் வரையே அனுப்பும். 2013இல் வந்த 2.0 வகை 60 படங்கள் அனுப்பும்.

மின்வழங்கி

பலரும் கருதாது விடும் உறுப்பு, பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் கணிப்பொறிக்குரிய தாழ்ந்த நேர்திசை மின்சாரமாக அது மாற்றுகின்றது. மாற்றும்பொழுது ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. உறுப்புகள் 60 வாட் கொள்கின்றன என்போம். நூற்றுக்கு 80 பங்கு திறனுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து 75 வாட் இழுத்து 15 வாட்டை வெப்பமாக்கும். நூற்றுக்கு 90 பங்கு திறனுள்ளது ஏறத்தாழ 67 வாட் இழுத்து 7 வாட்டையே வெப்பமாக்கும். வீணாகும் வெப்பம் பாதிக்கும் குறைவாகின்றது, அதன் விசிறியும் அதற்கேற்ப அடங்குகின்றது, மின்கட்டணமும் குறைகின்றது.

2004ஆம் ஆண்டிற் தொடங்கிய '80 பிளஸ்' என்னும் தரக்குறி இத்திறனைக் காட்டுகின்றது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்றவாறு அதிற் படிகள் உண்டு. ஆனால் இச்சோதனை பெரும்பாலும் முழுப் பளுவில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இருக்கும்போதுதான் நிகழ்த்தப்படுகின்றது. 1000 வாட் மின்வழங்கியை வாங்கி அதில் 50 வாட் மட்டும் எடுத்தால், தரக்குறி காட்டும் திறன் கிட்டாது. மாட்டு வண்டிச் சுமைக்கு இரயில் எஞ்சினைப் பூட்டுவதற்கு ஒப்பாகும் அது. 300 முதல் 450 வாட் வரையுள்ளதே போதும். 6 வாட் செயலியுள்ள சிறு இயந்திரங்களுக்கு, மடிக்கணிப்பொறிக்கு உள்ளதைப் போன்ற விசிறியற்ற வெளி அடாப்டரே ஏற்றது.

மூன்று முனைச் செருகியின் நில இணைப்புச் சரியாக உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். நில இணைப்பில்லாத இடத்தில் இரும்புப் பெட்டியைத் தொட்டால் மெல்லிய அதிர்ச்சி தோன்றுவதுண்டு. ஒலிபெருக்கியிலும் உறுமல் கேட்கலாம். இதனைக் கணிப்பொறியின் குறையென்று எண்ணி உறுப்புகளை மாற்றுவது வீண் செலவு. மின்தடைக்காக வைக்கும் யு.பி.எஸ்., இன்வர்ட்டர் ஆகியவற்றுக்கும் விசிறியும் உறுமலும் உண்டு. அவற்றை அடுத்த அறையில் வைத்தல் நன்று.

சேமிப்பகம்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சேமிப்பகத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிஷத்திற்கு 1200 முறை சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்குகின்றது; எனினும் அடிப்படை முறை மாறவில்லை. நிமிஷத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு விநாடிக்கு 120 முறை சுழல்கின்றது. ஆதலின் 120 ஹெர்ட்ஸ் சுருதியில் ஓர் உறுமல் எழுகின்றது. 5400 முறை சுழல்வதில் இது 90 ஹெர்ட்ஸ். தட்டின் அதிர்வு பெட்டியின் தகட்டிற் பரவினால், வீணையின் குடம் தந்தியின் ஓசையைப் பெருக்குவது போலப் பெட்டி அதனைப் பெருக்குகின்றது.

எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பே இல்லை. ஆகவே ஓசையும் இல்லை. திரைக் கணிப்பொறியினுள்ளே இதனையே பொருத்த வேண்டும். ஆனால் திரைப்படங்கள் மிகுந்த இடம் கொள்வன. விநாடிக்குச் சராசரி 60 மெகாபிட் வீதம் அமைந்த இரண்டு மணிநேரப் படம் 54 கிகாபைட் கொள்ளும். ஒரு டெராபைட்டில் இத்தகைய படங்கள் 18 மட்டுமே அடங்கும். பெருந்தொகுப்பு வைத்திருப்போர் அனைத்தையும் திண்மச் சேமிப்பகத்தில் வைக்கச் செலவு மிகும்.

இதற்கு நல்ல தீர்வு, வன்தட்டுகளை வேறோர் அறையில் வைத்து, வலைக்கம்பி வழியாகப் படத்தைக் கொணர்தலாகும். ஓசைக்குச் சுவரைக் காட்டிலும் சிறந்த தடை வேறில்லை. உயர்தர புளூ-ரே வட்டின் உச்ச வேகமே விநாடிக்கு 128 மெகாபிட். ஆதலின் 100 மெகாபிட் வலையிணைப்புச் சில சமயங்களில் தடுமாறலாம். 1000 மெகாபிட் இணைப்புக்கு இது எளிய பணி. அதே பெட்டியினுள் வன்தட்டை வைத்தே தீர வேண்டுமெனில், 5400 சுழற்சியுள்ளதைத் தேர்ந்து, மெல்லிய ரப்பர் வளையங்களின்மீது அமர்த்துக. துணியாற் சுற்றி வைத்தல் கூடாது. ஓசை அடங்கலாம், ஆனால் தட்டு சூடேறிக் கெடும்.

வெப்பம் போக்கியும் விசிறியும்

செயலியின்மீது அமரும் ஹீட் சிங்க் எனப்படும் வெப்பம் போக்கி, பல மெல்லிய அலுமினியத் தகடுகளாலானது. நல்ல வகைகளில் செம்புக் குழாய்கள் ஊடுருவிச் செல்லும். இக்குழாயினுட் சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டுள்ளது. சூடான முனையில் அது ஆவியாகிக் குளிர்ந்த முனைக்குச் சென்று, அங்கே மீண்டும் திரவமாகித் திரும்புகின்றது. இவ்வாறு வெப்பம் விரைவில் தகடுகளெங்கும் பரவுகின்றது. தகடுகளின் பரப்பு பெரிதாயின் காற்று மெதுவாக வீசினாலே போதும். செயலிக்கும் வெப்பம் போக்கிக்கும் இடையே இடும் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். அப்பசை இடுக்கிலுள்ள காற்றை நீக்குவதற்கேயன்றி, தடிப்பாக அப்புவதற்கன்று.

விசிறியைப் பொறுத்தவரையில் பெரியது நன்று, மெதுவானது நன்று. 120 மில்லிமீட்டர் விசிறியின் வட்டப் பரப்பு 80 மில்லிமீட்டர் விசிறியினதைப்போல் இரண்டேகால் மடங்கு. ஒரே அளவு காற்றைத் தள்ளப் பெரியதற்குப் பாதி வேகம்கூடத் தேவைப்படுவதில்லை. மேலும் 80 மில்லிமீட்டர் விசிறி நிமிஷத்திற்கு 3000 முறை சுழன்று, அதற்கு 7 இறக்கைகள் இருப்பின் 350 ஹெர்ட்ஸ் சுருதியில் ரீங்காரம் எழுப்பும். 7 இறக்கையுள்ள பெரிய விசிறி 600 முறை சுழன்றால் அச்சுருதி 70 ஹெர்ட்ஸாக இறங்குகின்றது. நம் செவி தாழ்ந்த சுருதிகளில் கூர்மை குன்றியது. ஆதலின் அதே வலிமையுள்ள ஓசையும் மெல்லியதாகவே தோன்றும்.

நான்கு முனை இணைப்புள்ள விசிறியை வாங்கினால் வேகத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தலாம். வெப்பம் சிறிது கூடியவுடன் விசிறி சீறி எழுந்து, மறுகணம் அடங்கும்படி விடலாகாது. ஓயாது மாறும் ஓசை, சற்றுப் பெரிதாயினும் மாறாத ஓசையைக் காட்டிலும் தொல்லை தருவது. வேகம் படிப்படியாகவும் தாமதித்தும் மாறும்படி பயாஸில் அமைக்க வேண்டும்.

பெட்டியும் வைக்கும் இடமும்

பெட்டியில் காற்று புகவும் வெளிவரவும் அகன்ற வழிகள் இருக்க வேண்டும். விசிறியின் முன் துளையிட்ட தகடு இருப்பின் காற்று மோதிச் சுழன்று சீழ்க்கையடிக்கும். கம்பி வலையே நன்று. உள்ளே ஒட்டும் நுரைப் பஞ்சு, உயர்ந்த சுருதிகளைச் சிறிது அடக்குமேயன்றித் தாழ்ந்த உறுமலைத் தடுக்காது. காற்றின் வழியை அடைத்து வெப்பத்தைக் கூட்டவும் கூடும். பெட்டியைத் தொலைக்காட்சி மேசையின் மூடிய அறைக்குள் வைப்பது பெருந்தவறு. தான் வெளிவிட்ட சூடான காற்றையே அது மீண்டும் உட்கொள்ளும். பின்புறம் ஒரு சாண் இடமாவது விடுக. அடியில் மென்மையான ரப்பர்க் கால்கள் வைக்க.

வெயிலும் தூசியும்

விசிறியே இல்லாத கணிப்பொறி சிறந்ததல்லவா என்று கேட்கலாம். 6 வாட் செயலிக்கு அது பொருந்தும். 35 வாட் செயலிக்கோ நம் நாட்டுக் கோடையை எண்ணிப் பார்க்க வேண்டும். விசிறியற்ற ஒரு வெப்பம் போக்கியில், ஒவ்வொரு வாட்டுக்கும் செயலியின் வெப்பநிலை அறையினதைவிட ஒன்றரை டிகிரி உயர்வதாக வைத்துக்கொள்வோம். 35 வாட்டில் இவ்வுயர்வு ஏறத்தாழ 52 டிகிரி. குளிர்நாட்டில், 22 டிகிரி உள்ள அறையில், செயலி 74 டிகிரியில் நிற்கும்; கவலையில்லை. மே மாதத்தில் நாகபுரியிலோ வேலூரிலோ அறை 40 டிகிரியை எட்டும்போது அதே செயலி 92 டிகிரியை அடையும். பல செயலிகளுக்கு 100 டிகிரியை ஒட்டிய அளவே எல்லை. எல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் விக்கி விக்கி ஓடும். அருகிலுள்ள பிற உறுப்புகளின் ஆயுளும் குறையும். காதுக்கே எட்டாத வேகத்தில் சுழலும் பெரிய விசிறி ஒன்று இத்துன்பத்தை அறவே நீக்கும். ஆகவே குளிர்நாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்குவோர், அங்குள்ள அறை வெப்பத்திற்கும் நம் கோடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் கணக்கிடுதல் வேண்டும்.

தூசி மற்றொரு பகைவன். தகடுகளுக்கிடையே தூசி படிந்தால் காற்று செல்லாது. விசிறி வேகம் கூடும். முதலாண்டில் ஊமையாக இருந்த இயந்திரம் மூன்றாம் ஆண்டில் இரையத் தொடங்கும். காற்று புகும் வழியில், கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டியுள்ள பெட்டியை வாங்குக. ஆண்டுக்கு இருமுறையேனும், குறிப்பாகக் கோடைக்கு முன்னர், மின் இணைப்பைத் துண்டித்துத் தூசியை ஊதி நீக்குக. ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது அளவு மீறிச் சுழன்று அச்சு பழுதாகும்.

கோடையில் கூரை விசிறி சுழலும் கூடத்தில், கணிப்பொறியின் மெல்லோசை எவருக்கும் கேளாது. எப்போதும் கூரை விசிறியின் கீழேயே படம் பார்ப்பவர், கடைசி ஐந்து டெஸிபெலைக் குறைக்கப் பெருந்தொகை செலவிடுதல் வீண். மலைப்பகுதிகளில் வாழ்வோருக்கும் வட இந்தியக் குளிர்காலத்தில் படம் பார்ப்போருக்கும் அது பயன்தரும்.

சோதித்து அறிதல்

அமைத்து முடித்தபின் சோதிப்பது எளிது. இரவில் கூரை விசிறியை நிறுத்தி, ஒலியை அடக்கி, ஒரு படத்தை அரைமணி நேரம் ஓடவிட்டு, வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து கேட்க வேண்டும். ஓசை கேட்டால், கெட்டித் தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வோர் உறுப்புக்கு அருகிலும் வைத்துப் பார்த்தால் இரைச்சலின் இடம் புலப்படும். விசிறி இறக்கைகளிற் குழாய் படாதவாறு கவனம் வேண்டும். கைப்பேசியிலுள்ள ஒலியளவுச் செயலிகள் காட்டும் எண் துல்லியமானதன்று. எனினும் ஒரு மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஆசிரியர்கள் இச்சோதனையை வகுப்பில் நிகழ்த்தி, டெஸிபெல் கூட்டலையும் விசிறியின் விதியையும் மாணவர்க்கு விளக்கலாம். கிராமக் கூட்டங்களிற் படங்காட்டும் களப்பணியாளருக்கும் இம்முறை பொருந்தும். படவீழ்த்தியின் விசிறியும் இதே விதிக்கு உட்பட்டதே.

சுருங்கக் கூறின், முதலில் பணியை அறிக; அதற்குரிய தனிச் சுற்றுள்ள, குறைந்த வாட் செயலியைத் தேர்க; திறன்மிக்க, அளவான மின்வழங்கியைப் பொருத்துக; அசையாச் சேமிப்பகத்தை உள்ளேயும் வன்தட்டை வேறறையிலும் வைக்க; பெரிய வெப்பம் போக்கியும் மெதுவான பெரிய விசிறியும் அமைக்க; கோடையை எண்ணிக் கணக்கிடுக; தூசியை நீக்குக. இவ்வரிசையிற் செல்வோருக்குச் செலவும் குறையும். பெரும்பாலும் விலையுயர்ந்த உறுப்பை விலக்குவதே இங்கு அமைதிக்கு வழியாகின்றது. அதன்பின் திரையிலுள்ள தாய் மெல்லக் கூறும் சொல், ஒலியைக் கூட்டாமலே பாட்டியாரின் செவியை எட்டும். அடுத்த அறையிற் குழந்தையும் உறங்கும்.